யானைப் படத்துக்கு எதிரே

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாலிங் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டத்தின் பால்மரங்கள் முடியும் இடத்தில், ஆற்றை ஒட்டி ஒரு காட்டுத் துண்டு இருந்தது. இக்கரை மலையையும் அக்கரை மலையையும் அது ஒன்றே இணைத்தது. அத்தைக்குப் பால்வெட்ட ஒதுக்கிய மரவரிசையான நிரை அதன் ஓரத்தில் வாய்த்திருந்தது. அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதால் என்னை வளர்த்தவள் அத்தைதான். விடியுமுன் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு அவள் தனியே புறப்படும்போதெல்லாம், அந்த வெளிச்சம் மறையும்வரை அச்சத்தோடு வாசலில் நிற்பேன்.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கையில், அலோர் ஸ்டாரிலிருந்து இருவர் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்தனர். கெடாவிலும் அண்டை மாநிலங்களிலும் துண்டு துண்டாய்க் கிடக்கும் காடுகளை இணைத்துக் காக்க முயலும் ஒரு கூட்டமைப்பினர் அவர்கள். விலங்குகள் நடக்கும் வழிக்குச் சான்று கிடைத்தால், அவ்வழியிலுள்ள காட்டை வெட்டாமல் விடும்படி அரசைக் கேட்கலாம் என்று மலாயில் விளக்கி, விலங்குப் படங்கள் அச்சிட்ட தாள்களைக் கொடுத்தனர். ஆசிரியர் அதைத் தமிழில் சுருக்கினார்.

"எந்தெந்த மிருகத்தப் பார்த்திருக்காங்கன்னு வீட்டுல பெரியவங்களக் கேட்டு எழுதிட்டு வாங்க. ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது. எவனாச்சும் டைனோசர் பார்த்தேன்னு எழுதுனா பிரம்பு முறியும், சொல்லிட்டேன்."

அன்று மாலை அத்தையின் முன் தாளை விரித்தேன். குரங்கு, பன்றி, உடும்பு எல்லாம் தடையின்றி நிரம்பின. "யானை பார்த்திருக்கியா, அத்தை?" என்றேன். அவள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

"வாயக் கழுவுடி! காட்டோரம் போய் வர்றவ நானு. பேரச் சொன்னா எதுக்க வந்து நின்னுருவாரு. பெரியவருன்னு சொல்லு."

"பெரியவர்னு எழுதுனா சார் சிரிப்பாரு லா."

"அப்ப எழுதாத. போன வாரங்கூட அஞ்சு பேரு, ஒரு குட்டியோட, ஆத்துல எறங்கி அக்கரைக்குப் போனாங்க. நின்னு பாத்தேன். அவங்க பாட்டுக்குப் போறாங்க, நான் பாட்டுக்கு வெட்டுறேன். இதுல காகிதம் எதுக்கு?"

பெயரைச் சொன்னாலே வந்து நிற்பவர், எழுதினால் வராமலா இருப்பார்? மறுநாள் இருட்டில் அத்தை தனியே நடப்பதை நினைத்துப் பார்த்தேன். கட்டத்தைக் காலியாக விடவும் அச்சம். ஆகவே யானைப் படத்துக்கு எதிரே 'தியாடா' என்று எழுதினேன். மலாயில் அதற்கு 'இல்லை' என்று பொருள். அத்தையைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சில மாதங்கள் கழித்துப் பள்ளிச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டப்பட்டது. வெட்டாமல் காக்க வேண்டிய விலங்கு வழியைக் காட்டிய பச்சைக் கோடு எங்கள் ஆற்றை விட்டு விலகிப் போயிருந்தது. ஒரு பிள்ளையின் தாளை மட்டும் நம்பி யாரும் கோடு போட்டிருக்க மாட்டார்கள் என்று இன்று என் கணவர் தேற்றுகிறார். இருக்கலாம். ஆனால் அந்தக் காட்டை அத்தையளவு அறிந்தவர் தோட்டத்தில் வேறெவரும் இல்லை. அவள் கண்டதைக் கேட்டு எழுதும் வாய்ப்பு எனக்கு மட்டுமே கிடைத்தது.

அடுத்த ஆண்டு எண்ணெய்ப்பனையான செம்பனையை நடுவதற்காக ஆற்றோரக் காட்டை அழித்தனர். வழி தெரியாத யானைகள் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தின் வாழைக்குள் புகுந்தன. அதிகாரிகள் மயக்க ஊசி போட்டு ஒரு பெண் யானையைச் சங்கிலியால் பிணைத்து லாரியில் ஏற்றினர். தோட்டமே திரண்டு வேடிக்கை பார்த்தது. குட்டியைக் காணவில்லை.

அத்தை என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது.

"எப்பவும் போற வழிதானடி அது. இவங்க இப்படித்தான் போவாங்கன்னு காட்ட அழிச்சவங்ககிட்ட யாருமே சொல்லலியா?"

அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நாளை முதல் அவள் அச்சமின்றி வேலைக்குப் போகலாமே என்ற மகிழ்ச்சிதான் எனக்கு.

"யாருமே சொல்லல, அத்தை," என்றேன் உறுதியாக.