ரெண்டு ரூபாய் ஆட்சேபணை

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒருவரை விட்டுவிட்டாலும் பின்னால் யாராவது தகராறுக்கு வருவார்களோ என்று எனக்குப் பயம், அதனால் எண்ணியே சொல்லிவிடுகிறேன். நடு மேசையில் தேர்தல் அதிகாரி. தெற்கத்திப் பக்கத்து வாத்தியாராம். அவருக்கு உதவியாகப் பட்டியலுக்கு ஒருவர், விரல் மைக்கு ஒருவர், ஓட்டு மிஷினுக்கு ஒருவர். சன்னலோர பெஞ்சில் இரண்டு கட்சி ஏஜெண்டுகள். அதில் ஒருவர் என் தாய்மாமா. வாசலில் ஒரு போலீஸ்காரர். அப்புறம் அம்மா. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் படிக்கிற நான்.

அம்மாவின் தலையில் அன்று ஒரு முடி கிடையாது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து தேறியதற்காக, மூன்று நாள் முன்புதான் பழனிக்குப் போய் மொட்டை போட்டிருந்தாள். சந்தனம்கூட முழுதாகப் போகவில்லை. ஓட்டர் ஐடியில் இருந்த அம்மாவோ தோளில் பின்னலை எடுத்துப் போட்டு, கனகாம்பரம் வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள்.

முந்தின நாள் மாலைதான் மாமாவுக்கும் அம்மாவுக்கும் இந்தக் கார்டை வைத்துப் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது.

"ஊருக்குள்ள தெனமும் ரயில்ல புது மூஞ்சியா வந்து எறங்குதுக்கா. கார்டு இல்லாட்டி ஆரு ஓட்டை ஆரு போடறாங்கன்னு எப்புடித் தெரியும்?"

"நான் ரயில்லயாடா வந்தேன்? நம்ம மண்ணரை ஊருக்குள்ள நாய்க்கெல்லாங்கூட என்ற மூஞ்சி தெரியும். ஒரு அட்டை வந்து, நாந்தான் நான்னு சொல்லோணுமா?"

மாமா ஒரு கட்சி, அம்மா எதிர்க்கட்சி. அது தெருவுக்கே தெரியும். ஆகவே இருவரும் எதைப் பேசினாலும் இப்படித்தான் முடியும்.

அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்தாள். சரக்கு ஏற்றுமதிக்குப் போக வேண்டிய நாள் அது. ஓட்டுப் போட ஒரு மணி நேரம் பர்மிஷன் கொடுத்திருந்தார்கள். வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. உள்ளே போனதும் பட்டியல்காரர் கார்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பட்டியலில் இருந்த படத்தைப் பார்த்தார். அதிலும் அதே பின்னல். கார்டு அதிகாரியின் கைக்குப் போனது.

"ரேஷன் கார்டை யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா. அதுவரைக்கும் அப்படி ஓரமா நில்லுங்க."

ரேஷன் கார்டை முகவரி மாற்றக் கொடுத்து இரண்டு மாதமாகியும் திரும்பி வரவில்லை. அம்மா அதைச் சொன்னாள். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மாவின் கட்சி ஏஜெண்டு எழுந்து, "எனக்குத் தெரிஞ்சவங்கதானுங்க" என்றார்.

"நீங்க சொல்லி நான் விட முடியாது. ஏஜெண்டுங்க ஆட்சேபணை இருந்தா மட்டும் ரெண்டு ரூபா கட்டிச் சொல்லுங்க. இல்லைன்னா உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அம்மா சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். என்னால்தானே மொட்டை, மொட்டையால்தானே இது. அப்போது மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"கண்ணு, ரெண்டு ரூவா வெச்சிருக்கியா? சாயங்காலம் தாரேன்."

ஐஸ் வாங்க வைத்திருந்த காசு, காலையிலிருந்து கையில் பிடித்துப் பிடித்து வேர்த்துப் போயிருந்தது. கொடுத்தேன். மாமா அதை நேராகக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

"ஐயா, இந்தம்மா அந்தம்மா இல்லைன்னு நான் ஆட்சேபணை சொல்றனுங்க."

என் காசிலேயே என் அம்மா மேல் கேஸ்! அதிகாரி ஒரு புத்தகத்தை எடுத்து, ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் ஜெயில் என அம்மாவிடம் படித்துக் காட்டினார். பிறகு என்னிடம் குனிந்து, "இவங்க யாரு பாப்பா?" என்றார்.

'அம்மா' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நானோ பூத் சிலிப்பைக் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், பாகம் எண், வரிசை எண், கதவு எண் எல்லாவற்றையும் பயத்தில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன்.

"சொல்லிக் கொடுத்துக் கூட்டியாந்திருக்காங்க" என்றார் மைக்காரர்.

அம்மாவின் பொறுமை அங்கே அறுந்தது. மாமாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏன்டா, நானா ஆளு இல்ல? ஒண்ணாப்புல, இதே ரூம்புல, இந்த மூலையில, டவுசரோட ஒண்ணுக்குப் போயிட்டு நீ நின்னு அழுதப்ப, அஞ்சாப்புல இருந்து ஓடியாந்து தொடச்சு உட்டது ஆருடா? உன்ற அட்டையா வந்து தொடச்சுது?"

போலீஸ்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மிஷின்காரர். வெளியே வரிசையும் சிரித்தது. அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு மாமாவைக் கேட்டார்.

"உண்மையாய்யா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க. ரெண்டு தடவைங்க."

"அப்ப இவங்க யாரு?"

"என்ற அக்காதானுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். "வீண் ஆட்சேபணை. காசு அரசாங்கத்துக்கு" என்று எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா மறைப்புக்குப் பின்னால் போனாள். மிஷின் நீளமாகக் கூவியது. மை வைத்த விரலோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு நிமிடம் மீதி இருந்தது.

சாயங்காலம் மாமா வந்தார். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன். அம்மாவோ சோறு போட்டு, இருந்த ஒற்றை முட்டையையும் அவருக்கே பொரித்து வைத்தாள்.

"என்ற கட்சிக்கு இன்னைக்கு ஒரு ஓட்டு நட்டம்" என்றார் மாமா. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் காசைக் கேட்டேன்.

"கவருமெண்டு வாங்கிக்கிச்சு கண்ணு. அங்க போய்க் கேளு."

எதிரிக்கு எதற்கு முட்டை என்று அன்று முழுக்க எனக்கு விளங்கவில்லை. ஓரமாக நிறுத்திய ஆளைச் சாயங்காலம் வரை அப்படியே நிறுத்தி வைக்கலாம், ஆட்சேபணை வந்த ஆளை மட்டும் அங்கேயே விசாரித்து முடிவு சொல்லியாக வேண்டும் என்பது, எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, நானே ஓட்டுப் போடப் போன வருடம்தான் உறைத்தது. அம்மாவின் ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்தேதான் மாமா அந்த ஆட்சேபணையைச் சொல்ல எழுந்திருக்கிறார்.

இப்போதும் தேர்தல் வந்தால் கார்டு வேண்டும் என்கிறார் மாமா, முகம் போதும் என்கிறாள் அம்மா. நடுவில் உட்கார்ந்து நான் பாக்கியைக் கேட்கிறேன். இன்னும் வரவில்லை, ரெண்டு ரூபாய்.