கட்டைவிரல்

இன்று ஒரு மெக்கானிக் கடை வாசலில் கருகிய எண்ணெய் வாசம் வந்ததும், என் கை தானாக இறுகியது.

அறுபதுகளில் செஞ்சிக் கோட்டையடியில் எங்கள் தகரக் கொட்டகை இருந்தது, இப்போது இல்லை. அமாவாசைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் போக வலு போதவில்லை என்று, நைனா பழைய காரின் எஞ்சினைப் பிரித்து, மேல்மூடியை இழைத்து, அழுத்தத்தைக் கூட்டிப் பூட்டினார். அதிலிருந்து, கிளப்பச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி சில சமயம் திருப்பி உதைக்கும். கட்டைவிரலை மடக்கிப் பிடித்தால் முறிந்துவிடும்.

"கட்டவெரல மடக்கலியே?" என்று ஒவ்வொரு முறையும் அம்மா கேட்பாள்.

"இல்லடி, தள்ளி நில்லு."

அம்மா பனமலைக்குப் போயிருந்த காலையில் கேட்க வேண்டியவள் நான். இழைத்துப் பூட்டிய எஞ்சினின் பளபளப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். நைனா கைப்பிடியைச் சுழற்ற, எலும்பு முறிந்த சத்தம் தகரத்தில் மோதித் திரும்பியது.

"நீ கேக்கல, நானும் மறந்துட்டேன்," என்றார் நைனா, வலியோடு சிரித்து.

இன்று இறுகிய என் கையில் கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை.