ஒரு வாட்ச்மேன் வேலைக்குப் போன இரண்டு பேர்

விருதுநகர் வேலைவாய்ப்பு ஆபீசுக்கு என்னை அனுப்பியது என் மனைவி. நானாகப் போயிருக்க மாட்டேன். கடையில் உப்பு வாங்கக்கூடக் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்கிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் சொன்னதில்லை.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். கல்யாணத்துக்குப் பிறகு காட்டு வேலையை விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தேன். தீபாவளிச் சரக்கின் கடைசி லோடு ஏறியதும் கம்பெனியைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அடைமழை. வெடி காய வெயில் இருக்காது. மறுபடி கூப்பிடும்வரை என் மனைவி கைக்குழந்தையோடு கோவில்பட்டிப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போவாள். நான் தூத்துக்குடிக்கு மூட்டை தூக்கப் போவேன். பொங்கலுக்கு எல்லோரும் வீடு திரும்பும்போது பிள்ளைக்கு என் முகம் மறந்திருக்கும். தூக்கினால் வீறிட்டு அழும்.

ஒரு ஆடி மாதம் அவள் சொல்லிவிட்டாள்.

“இந்த வருசம் டிரங்குப் பெட்டிய இறக்க மாட்டேன். அண்ணன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சோறு திங்க என்னால ஆகாது. வருசம் பூரா இருக்கிற மாசச் சம்பள வேலையாப் பாருங்க. விருதுநகர் ஆபீசுல பேரப் பதிஞ்சா வேலைக்கு அனுப்புதாகளாம்.”

“நம்மள மாதிரி ஆளுக்கெல்லாமா அனுப்புவாக?”

“கேட்டாத்தான தெரியும்? நீங்க கேக்காம வந்தீகன்னா நான் போயிக் கேப்பேன்.”

அவள் கேட்பாள். அதனால் நானே போனேன்.

ஆபீசில் வரிசை வாசல்வரை நின்றது. சர்டிபிகேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டீச்சர் டிரெயினிங் முடித்த பெண்கள், லைசென்சோடு டிரைவர்கள், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்கள். என் கையில் பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஒரு தாள் மட்டும் இருந்தது. நின்று கேட்டதில் ஆபீசின் போக்கு கொஞ்சம் புரிந்தது. மில்காரர்களும் கம்பெனிக்காரர்களும் இன்ன வேலைக்கு ஆள் தேவை என்று இங்கே எழுதுகிறார்கள். பதிந்தவர்களில் அந்த வேலைக்குத் தோதானவர்களைப் பொறுக்கி, ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று பேரை அனுப்புகிறார்கள். அதில் யாரை எடுப்பது என்பது கம்பெனி இஷ்டம். இந்தப் பக்கமும் தரகு இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

என் முறை வந்தது. கிளார்க் திருநெல்வேலிக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, “என்ன வேலை வேய் தெரியும்?” என்றார்.

“சொன்ன வேலையச் செய்வேங்கய்யா.”

“சொல்லுததுக்குத்தான் ஊர்ல ஆள் நெறைய இருக்கே. உமக்கு என்ன தெரியும்?”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு, ‘எடுபிடி’ என்று எழுதி, கார்டைக் கையில் கொடுத்தார். அதை வாங்கியதே எனக்குப் பெரிய காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

ஆவணியில் கடிதம் வந்தது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு கேட் வாட்ச்மேன் வேண்டும். உள்ளே போகிறவர்களின் மடியைத் தடவிப் பார்த்து, பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கித் தகர டப்பாவில் போடுகிற வேலை. கம்பெனி சாத்தினாலும் கேட் சாத்தாது. மழைக்காலத்திலும் சம்பளம் உண்டு. என் மனைவி என் வேட்டியைத் தானே துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

நான் போனபோது கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வருகிறாராம். அதே வேலைக்கு அதே ஆபீசிலிருந்து கடிதம். மானேஜர் சிவகாசி போயிருந்தார். உச்சிப்பொழுது தாண்டியும் வரவில்லை. மரத்தடியில் இருந்தவர் தூக்குச்சட்டியைத் திறந்தார். கம்பஞ்சோறு, மோர், உரித்த வெங்காயம்.

“வாங்க தம்பி, ஒரு கை வைங்க.”

“வேணாம் அண்ணாச்சி. பசிக்கல.”

“உங்க வயிறு கத்துதது இங்கன கேக்கு. அது பொய் சொல்லாதுல்லா.”

மூடியில் பாதிச் சோற்றை வைத்து நீட்டினார். ஊரையும் பிள்ளைகுட்டியையும் தவிர வேறெதுவும் அவர் என்னைக் கேட்கவில்லை. சாப்பிட்டேன். சாப்பிடும்போதே பேசினார். கிணற்றுத் தண்ணீர் வற்றி, குத்தகைக் காட்டை விட்டுவிட்டாராம். வீட்டில் மூன்று பெண்கள். “மூணும் எங்கூட மல்லுக்கு நிக்கும் தம்பி. நாலாவது ஆளா அவுக அம்மா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வயிற்றில் போன சோறு கனத்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் சட்டியில் கை நனைத்துவிட்டு அவர் பிழைப்பில் கை வைக்க மாட்டோம். இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் அப்படித்தான்.

மானேஜர் வந்ததும் அண்ணாச்சி முதலில் உள்ளே போனார். சீக்கிரமே வெளியே வந்து, என் தோளைத் தட்டிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். நான் போனேன்.

“உமக்கு இந்த வேலை ஏன் வேணும்?” என்று மானேஜர் கேட்டார்.

டிரங்குப் பெட்டி, பிள்ளை, தூத்துக்குடி எல்லாம் நாக்குவரை வந்தன. “வெளிய இருக்காருல்லா, அவருக்குக் குடுங்கய்யா. மூணு பொம்பளப் பிள்ளைக” என்றேன்.

மானேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “என்னய்யா இது கூத்து? அந்த ஆளும் ‘அந்தத் தம்பிக்குக் குடுங்க, கைப்பிள்ளைக்காரன், பசியோட வந்திருக்கான்’னுட்டுப் போறாரு. ஆள் வேணும்னு எழுதுனா தருமப் பிரபு ரெண்டு பேரை அனுப்பி இருக்காக! போங்க, ஆபீசுக்கே எழுதிக்கிடுதேன்.”

வெளியே அண்ணாச்சியிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “கெடுத்தீகளே தம்பி! நானாவது பேசாம இருந்திருக்கணும், நீங்களாவது பேசாம இருந்திருக்கணும்.”

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டாள். அப்புறம், “என்ன சோறு?” என்றாள்.

“கம்பஞ்சோறு.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நெல்லுச்சோறே கட்டிக் குடுத்திருப்பேனே” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே பரணில் டிரங்குப் பெட்டி இருந்தது. தீபாவளிக்கு அதிக நாள் இல்லை.

ஆபீசிலிருந்து இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். வந்த வேலையை வேண்டாம் என்றதற்குக் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தோம். கிளார்க் எங்களை வரிசைக்கு முன்னாலேயே கூப்பிட்டார்.

“பொண்ணு பாக்க ரெண்டு மாப்பிள்ளையை அனுப்புனா, ஒருத்தன் அவனைக் கட்டிக்கோங்கான், இன்னொருத்தன் இவனைக் கட்டிக்கோங்கான். பொண்ணு வீட்டுக்காரன் என்னையில்ல வேய் ஏசுதான்!”

வரிசை முழுக்கச் சிரித்தது. வேப்பமரத்தடிச் சோறுவரை நடந்ததைச் சொல்லி அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்ததால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

கிளார்க் இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ‘எடுபிடி’. “சரி, மொதல்லேருந்து வருவோம்” என்று அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “பதியும்போது கிணறு வத்திப் போச்சுன்னீரே. அதுக்கு முந்தி தண்ணிய எதால இறைச்சீரு?”

“ஆயில் இஞ்சின்லதான்” என்றார் அண்ணாச்சி.

“ரிப்பேரானா?”

“நாந்தான் பிரிச்சுப் பாப்பேன். அக்கம்பக்கத்துக் கிணத்துக்கும் கூப்பிடுவாக.”

கிளார்க் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். “பதியும்போது ஏன் வேய் இதைச் சொல்லல?”

“நம்ம வாயால நாமளே சொன்னாப் பீத்துன மாதிரி ஆயிருமேன்னு…”

“உங்க ஊர்க்காரங்ககிட்ட இதே ரோதனை. இஞ்சின் தெரிஞ்ச ஆளு இல்லையான்னு பருப்பு மில்காரன் தெனமும் போன் பண்ணுதான். இங்க இஞ்சின் தெரிஞ்சவன் எடுபிடின்னு எழுதிட்டுப் போறான்.” அப்போதே போனை எடுத்து மில்லுக்குப் பேசினார். அடுத்து நாரணாபுரத்துக்குப் பேசி, சோற்றுக் கதையையும் சொன்னார். பேசி முடித்து என் பக்கம் திரும்பினார்.

“உம்ம மானேஜர் இன்னொரு தடவை பாக்கேன்னுட்டாரு. இந்தத் தடவை ஒத்தையாப் போறீரு. யாரு சோறு குடுத்தாலும் திங்கக் கூடாது. போயி என்ன சொல்லணும்?”

“நீங்களே சொல்லுங்கய்யா” என்றேன்.

“‘எனக்கு இந்த வேலை வேணும்’. எங்க, சொல்லும்.”

உதட்டுக்குள் சொன்னேன்.

“எனக்குக் கேக்கல. கடைசியில நிக்குத அந்த டிரைவருக்குக் கேக்கணும்.”

வரிசையே என்னைப் பார்த்தது. சர்டிபிகேட் பெண்கள் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். “சொல்லுங்க தம்பி, நான் சோத்தத் திருப்பிக் கேக்க மாட்டேன்” என்றார் அண்ணாச்சி. சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “கேட்டுருச்சுண்ணே!” என்று அந்த டிரைவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

நாரணாபுரத்தில் மானேஜர் எதையும் கேட்பதற்கு முன்பே, கதவைத் தாண்டியதும் அதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். “அப்ப இன்னைக்கு யாரும் சோறு போடலையா?” என்றார். மறுநாளே வரச் சொன்னார்.

அந்த ஐப்பசியில் கடைசி லோடு போனது, தீபாவளி போனது, மழை பிடித்தது. ஒருநாள் கேட்டிலிருந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். டிரங்குப் பெட்டி கீழே இறங்கியிருந்தது. “எங்க கெளம்பிட்ட?” என்றேன்.

“பரண்ல ஒழுகுது. அதான் இறக்குனேன். எங்கயும் போகல” என்றாள் அவள்.

பெட்டியில் சாய்ந்து தரையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மில்லில் வாரச் சம்பளம் வாங்கி, பஸ்ஸில் வருகிற வழியில் ஆமத்தூரில் இறங்கினாராம். அவர் முன்னால் இலையில் நெல்லுச்சோறு பரிமாறியிருந்தது. என் பிள்ளை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டு என்னிடம் கையை நீட்டியது. ஈரத் துண்டை உதறிப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டேன். அழவில்லை.

“உக்காருங்க தம்பி, நல்லாச் சாப்பிடுங்க” என்றார் அண்ணாச்சி, என் வீட்டில் என்னைப் பார்த்து. “இனி நமக்குள்ள ஒரு போட்டியும் இல்லைல்லா.”