ஜெமீல் நானா இல்லாத ஞாயிறு நடை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னோடு போனில் சண்டை பிடித்த மனிதர், ஒன்பது மணிக்கு இல்லை. கலஹாவிலிருந்து பேராதனைக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். போனில் அவருடைய மருமகன் பேசினார்.

“மாமா மவுத்தாகிட்டாங்க அங்கிள். ஜும்மாவுக்குப் பொறகு அடக்கம்.”

“எந்த மாமா?” என்று கேட்டேன். அவருக்கு ஒரே மாமாதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்களோடு நடந்த உங்களுக்கு ஜெமீல் நானாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நடக்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் முஸ்லிம்களிடையே நானா என்றால் அண்ணன். கண்டியில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று அவருக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, விரும்பி வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, ஊரின் பழைய கதைகளைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக, சந்து சந்தாக நடப்பார். அந்த யோசனையை அவருக்குக் கொடுத்ததே நான்தான். அவர் மறுப்பார். இப்போது மறுக்க ஆள் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது. ஆனால் கதை என்று வந்தால் பேராசிரியர்களே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானா மட்டும் நிற்க மாட்டார். ஒருநாள் நாற்பது பேரை வெயிலில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். உள்ளே ஓர் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். நானா என் கையைப் பிடித்தார்.

“பொறுங்க மாணிக்கம். வூட்டுக்காரங்க வாயத் தொறக்க முந்தி நாம தொறக்கப்படாது.”

“அவங்க துணி முடியிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும் நானா.”

“சாயட்டும். அவங்கட துணி, அவங்கட வூடு, அவங்கட கதை.”

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒழுங்கைக்கே ஒரே குழாய் இருந்த காலத்தைச் சொன்னார். கேட்டவர்களில் பாதிப்பேர் அழுதார்கள். சரி, இரண்டு பேர்.

போன மாதம் பூமணி அக்கா வீட்டு வாசலில் நின்றபோது, நானா பின்தங்கியவர்களைக் கூட்டிவரப் போனார். அந்த இடைவெளி எனக்குப் போதும். அங்கே ஒரு பலாமரம். தப்பி ஓடிய அரசன் ஒருவன் பொன்னையெல்லாம் அதன் அடியில் புதைத்தான் என்றேன். கைதட்டினார்கள். நான்கு நாள் கழித்து அக்கா காலையில் எழுந்து பார்த்தால், மரத்தடியில் ஆள் உயரக் குழி. புதையல் தேடி யாரோ தோண்டியிருந்தார்கள். அடுத்த மழையில் மேட்டுமண் சரிந்து அவர் சமைக்கிற குசினியின் சுவர் வெடித்தது. அக்கா கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். பக்கத்து வீடுகளும் எங்களைக் கண்டால் கதவைச் சாத்தின. நடையே நின்றுவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமைச் சண்டை அதற்காகத்தான்.

“ஞாயிறு வந்து அந்த கேட்டுக்கு முன்னால நிண்டு, எல்லாருக்கும் கேக்கச் செல்லுங்க, பொய்யிண்டு.”

“என் மானம் போயிரும் நானா.”

“அவட செவரே போயிட்டு மாணிக்கம்! மானத்துக்கு சிமெந்து வாங்கத் தேவல்லதானே?”

பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்தேன். பார்க்கலாம்! அதுதான் நான் அவரிடம் சொன்ன கடைசிச் சொல்.

கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்குக்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை என்று எழுதத்தான் கை போகிறது. ஜனாசா அடக்கத்தில் நூறு பேர் இருந்திருப்போம். மையவாடியில் மண் போட்டு எல்லோரும் திரும்பிய பிறகும் நான் ஓரமாக நின்றேன். யாராவது வந்து, ஆள் மாறிவிட்டது என்று சொல்வார்கள் போல.

ஞாயிற்றுக்கிழமை யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. ஆனாலும் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். நடந்தோம். பூமணி அக்காவின் கேட்டுக்கு முன்னால் நின்று, உள்ளே கேட்கும்படி சொன்னேன். “அரசன் வரல்ல. பொன்னும் இல்ல. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை.”

யாரும் கைதட்டவில்லை. பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கலகெதரயில் மகள் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் கூட்டத்தில் தேடினார்.

“நீ சொன்னது கேட்டுச்சு. ஒன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். நானா எங்க? ஞாயித்துக்கெழம கட்டாயம் வர்றேன்னு போன்ல சொன்னாரே. தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சிட்டேன், வரச் சொல்லு.”

காய்ச்சல், மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், அடுத்த மாதம் வருவார் என்று எத்தனையோ பொய்கள் நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“நானா வெள்ளிக்கிழம செத்துட்டாரு அக்கா.”

அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எந்த நானா?” என்றார்.

ஜெமீல் நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் செத்துட்டாரு என்று அக்காவிடம் சொன்ன அந்த ஒரு வரிதான். என் வாழ்நாளில் எதையும் சேர்க்காமல் சொன்ன வரி. அது ஒன்று மட்டுமாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா?