ஃபிட்டர் பெயர் எழுதும் கட்டம்

1

சிமெண்ட் ஷீட் கம்பெனி பெங்களூர் டிப்போவில் மூன்று நாள் டிரெயினிங் வைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து கோபால் மேஸ்திரியும் நானும் போனோம். ஷீட்டை எப்படித் தூக்குவது, ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு ஏறவேண்டும், நான்கு ஷீட் சேரும் இடத்தில் மூலையை எப்படி வெட்டுவது என்று செய்து காட்டினார்கள். ஆணி வைத்துக் குத்தி ஓட்டை போடக்கூடாது, கை டிரில்லால்தான் போடவேண்டும், கொக்கி போல்ட்டைவிட ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும் என்றார்கள். எனக்கு இதெல்லாம் உடனே பிடிபட்டது. நான் போட்ட ஓட்டைகளை டிரெயினிங் கொடுத்தவர் மற்றவர்களுக்குக் காட்டினார்.

மூன்றாம் நாள் சர்டிபிகேட்டுக்காக நிரப்ப ஒரு காகிதம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. நான் நாலாவது வரை படித்தவன். தமிழை மெதுவாக எழுதுவேன். மற்றவர்கள் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு எழுதினார்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன், அப்படியே ஓசூர் பஸ் ஏறிவிட்டேன்.

மேஸ்திரிக்கு நம்பர் போட்ட சர்டிபிகேட் வந்தது. அதன் பிறகு அவருக்குக் கீழே நாங்கள் எட்டு ஆட்கள் வேலை செய்தோம். எந்த வீடானாலும் ஷீட்டோடு வரும் கியாரண்டி பேப்பரில் அவர் பெயர், அவர் நம்பர். எல்லா மேஸ்திரிகளும் அப்படித்தான் செய்தார்கள். டிப்போவுக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

2

ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் வெங்கடப்பா என்ற விவசாயியின் கூரை வீடு ஒரு கோடையில் எரிந்துபோனது. அவருடைய கடைசி மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அவர் என்னிடம் இதற்குமேல் சொன்னதில்லை. அவர் மனைவி முனியம்மா இனி புல்லுக்கு அடியில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுவர் கட்டி முடியும்வரை இரண்டு பேரும் புளியமரத்தடியில் இருந்தார்கள்.

வெங்கடப்பா டிப்போவுக்குப் போனபோது கேட்டது ஒன்றே ஒன்று, இது எரியுமா என்று. எரியாது என்றார்கள். பத்து வருஷம் கியாரண்டி உண்டு, ஷீட் கெட்டால் கம்பெனியே புதிது தரும் என்றும் சொன்னார்கள். அவர் வேறெதையும் கேட்கவில்லை.

அந்த வேலை எனக்கு வந்தது. மேஸ்திரி காவேரிப்பட்டினத்தில் ஒரு குடோன் வேலையில் இருந்தார். முதல் நாளும் நடுவில் ஒரு நாளும் வந்து நின்றுவிட்டுப் போனார். கியாரண்டி பேப்பரை வாங்கி வை, நான் வந்து எழுதிக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் அந்த வீட்டுக்கு மற்ற வீடுகளைவிடக் கூடுதலாகப் பார்த்துச் செய்தேன். ஒரு ஓட்டையும் குத்தவில்லை. ஒவ்வொரு வாஷரையும் கையால் அழுத்திப் பார்த்தேன். முனியம்மா தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்.

3

வேலை முடிந்த அன்று பொங்கல் வைத்தார்கள். எனக்கு ஒரு வேட்டியும் துண்டும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் வந்திருந்தார். லாரியோடு வந்த கியாரண்டி பேப்பரை வெங்கடப்பா அவரிடம் நீட்டி, நிரப்பச் சொன்னார். வீட்டுக்காரர் பெயர், ஊர், ஷீட் எண்ணிக்கை எல்லாம் எழுதியபின், ஃபிட்டர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, என்ன எழுத என்று கேட்டார்.

"மாரியப்பன்னு எழுது சாமி" என்றார் வெங்கடப்பா.

இவர்களுடைய மேஸ்திரி கோபால் அல்லவா என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"அந்த ஆளு ரெண்டு நாளு வந்து நெழல்ல நின்னு வெத்தல போட்டுக்கினு போனாரு. மேல ஏறினது இவன். வெயில்ல வெந்தது இவன். அவரு பேரு இன்னாத்துக்கு? என் வீட்டுக் காயிதத்துல இவன் பேருதான் இருக்கணும்."

மேஸ்திரி பெயர்தான் வரவேண்டும் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஏழெட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் மட்டும் காரணமில்லை. என் பெயரை அதுவரை யாரும் எந்தக் காகிதத்திலும் மரியாதைக்காக எழுதியதில்லை. எழுதட்டும் என்ற ஆசையும் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் எழுதினார். பாதியை டிப்போவுக்கு அனுப்பினார், பாதியை வெங்கடப்பா பெட்டியில் வைத்துப் பூட்டினார். பேப்பர் டிப்போவுக்குப் போய்விட்டது என்று மட்டும் மேஸ்திரியிடம் சொன்னேன்.

4

முதல் மழைக் காலத்தில் ஷீட்டின் அடிப்பக்கம் ஈரம் படிந்தது. இரண்டாம் மழைக் காலத்தில் சொட்ட ஆரம்பித்தது. வெங்கடப்பா ஆள் அனுப்பினார். நான் போய்ப் பார்த்தேன். ஓட்டைகளில் ஒழுகவில்லை. நடு ஷீட்டிலேயே நீர் ஊறி இறங்கியது. நகத்தால் கீறினால் அப்பளம்போல அடுக்கு அடுக்காக உரிந்தது. ஒரு துண்டு பெயர்ந்து முனியம்மா படுக்கும் இடத்தில் விழுந்திருந்தது.

வெங்கடப்பாவுக்குக் கவலையே இல்லை. "அதான் கியாரண்டி இருக்குதே" என்றார். டிப்போவுக்கு எழுதிப் போட்டோம். ஒரு மாதம் கழித்து கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவர் நல்ல மனிதர். அதையும் எழுதத்தான் வேண்டும். பலகை போட்டு அவரே மேலே ஏறினார். சின்னச் சுத்தியால் ஒவ்வொரு ஷீட்டையும் தட்டிப் பார்த்தார். சத்தம் செத்திருந்தது. ஓட்டைகளையும் மூலை வெட்டுகளையும் நிறைய நேரம் பார்த்தார். இறங்கி வந்து, ஃபிட்டிங்கில் குறையே இல்லை, சரக்குதான் கெட்டது, ஒன்றாகச் செய்து வந்த இந்த லாட்டே கெட்டது என்று வாய்விட்டுச் சொன்னார். வெங்கடப்பா என் முதுகில் தட்டினார். முனியம்மா இன்ஸ்பெக்டருக்கு மோர் கொண்டுவந்தார்.

பிறகு அவர் பேப்பரைக் கேட்டார். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தன் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து, விரலை வைத்து இரண்டு தடவை தேடினார்.

"மாரியப்பன் யாரு?"

நான்தான் என்றேன்.

"உங்க சர்டிபிகேட் நம்பர்?"

இல்லை என்றேன். அவர் பேப்பரின் பின்பக்கத்தை எங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். கியாரண்டி ஷீட்டுக்கு மட்டும்தான். அதுவும் கம்பெனிப் பட்டியலில் பெயர் உள்ள ஃபிட்டர் போட்டிருந்தால்தான். பிறகு வேறு யாராவது ஓட்டை போட்டாலோ வெட்டினாலோ அதுவும் போகும். இவ்வளவும் அந்தப் பேப்பரில் முதலிலிருந்தே இருந்தது. எங்களில் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

"இப்போதானே சாமி, வேலை சுத்தமா இருக்குதுன்னு சொன்னீங்க" என்றார் வெங்கடப்பா.

"சொன்னேன். நான் சொல்றது செல்லாதுங்க. பேப்பர் சொல்லணும்."

"கெட்டது உங்க சரக்குதானே?"

"ஆமாங்க" என்றார் அவர். மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

5

நானும் வெங்கடப்பாவும் மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். கூரை போட்டது தான்தான், பேப்பரில் என் பெயர் தவறி வந்துவிட்டது என்று மேஸ்திரி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம்.

மேஸ்திரி என்னைத்தான் பார்த்தார். "என் பேரு அதுல இருந்திருந்தா, நான் போட்டதுதான்னு சாமி முன்னாடி வேணா நின்னு சொல்லியிருப்பேன்டா. உன் பேர எழுதிக்கினு வந்து, இப்போ என்னைய எழுதச் சொல்றியே. எழுதினா, அப்போ நீ எங்கடா இருந்தேன்னு கம்பெனிக்காரன் என் சர்டிபிகேட்ட புடுங்கிக்குவான். எட்டுப் பேரு சோறு."

அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். திரும்பி வரும்போது வெங்கடப்பாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவரே, "எழுதச் சொன்னது நான்தானேப்பா" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

டிப்போவுக்கு இன்னும் மூன்று கடிதம் எழுதினோம். ஒரே பதில்தான் வந்தது.

6

அடுத்த தை மாதம் எனக்கு டிப்போவிலிருந்து ஆள் வந்தது. அந்த இன்ஸ்பெக்டர் என் வேலையைப் பற்றி எழுதியிருந்தாராம். நான் டிப்போவுக்குப் போனேன். காகிதம் நிரப்பச் சொல்லவில்லை, அவரே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். என் பெயருக்கு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அந்தக் கூரையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒரு ஆபீசில் நானாக வாய் திறந்து கேட்டேன், இதை வைத்து வெங்கடப்பா வீட்டு கியாரண்டி செல்லுமா என்று. அவர் என் சர்டிபிகேட்டில் இருந்த தேதியைக் காட்டினார். கூரை போட்டு வெகுநாள் கழித்து வந்த தேதி.

பங்குனியில் வெங்கடப்பா சொல்லி அனுப்பினார். ஷீட்டுகள் துண்டு துண்டாக விழ ஆரம்பித்துவிட்டன, பிரித்துப் போடவேண்டும் என்றார். மறுபடி ஷீட் போட அவருக்கு வழியில்லை. வாசலில் புல்லுக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. என் நம்பரோடு நான் ஏறிய முதல் கூரை அதுதான். நான் போட்ட போல்ட்டுகளை நானே கழற்றினேன். ஒன்றுகூடத் துருப்பிடித்திருக்கவில்லை. கீழே முனியம்மா அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாக வீட்டுக்கு வெளியே, வெகுதூரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்று அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சர்டிபிகேட் ஒரு ஆளுக்குத்தான், அவனோடு வரும் கூட்டத்துக்கு இல்லை. அந்த ஆள் மேலே ஏறுகிறானா என்று பாருங்கள். அவன் நம்பரை நீங்களே பேப்பரில் சரிபாருங்கள். பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, கூரை ஏறுவதற்கு முன்னால் படிக்கச் சொல்லுங்கள். உன் பெயரை எழுதட்டுமா என்று கேட்கும்போது ஒரு ஃபிட்டர் தலையைக் குனிந்தால், அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் சொல்லவேண்டியது ஒன்று அவனுக்குள் இருக்கிறது. அவன் சொல்லும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.