சவுக்கையில் கேட்ட கூட்டாளிகள்

நீங்கள் மூவரும் ஊரைவிட்டுப் போனபின், இன்றுதான் செங்கோட்டைக்குத் தனியாக நடந்தேன்.

திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சவுக்கையில் புதிய காவலர் என் பையைத் திறந்தார். ஆளுக்கொரு புகையிலைப் பொட்டலம் என்றால் விடுவார்கள். நான் பழக்கதோஷத்தில் நான்கு வாங்கியிருந்தேன்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குவே நாலு?"

"ஞாயித்துக்கிழமைன்னா நாலு பேரு நடந்து வருவோம்."

"அப்போ கூட்டாளிமாரு எங்கன?"

உங்களை ஒருவர் விசாரித்து எத்தனை நாளாயிற்று! குற்றாலச் சாரல், நால்வருக்கும் ஒரே குடை, எல்லாம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடத்தலுக்கு உடந்தை என்று உங்கள் பெயர்களை நோட்டில் எழுதினார்.

விலாசமும் கொடுத்திருக்கிறேன். என் கார்டுக்குத்தான் பதில் இல்லை. சர்க்கார் கேட்டாலாவது எழுதுவீர்களா?