சுருளின் சூடு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குச் ‘சுருள்’ என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள், நிலைக்கவைத்தவர் அவரேதான். யார் சிக்கினாலும் தன் செம்புக்கம்பிச் சுருளைப் பற்றியே பேசுவார். வீட்டு மின்சாரத்தைப்போல மெல்லத் துடிக்கும் காந்தப்புலத்தில் வைத்தால் உயிரணுக்கள் வேகமாகப் பெருகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை வைத்தே பதவியும் பட்டமும் வாங்கி, பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார். குளிர்காலக் காலைகளில் அதே சுருளின்மேல் கையை நீட்டிக் குளிர்காய்வார். கதகதப்பு கைக்கு எட்டியது, மூளைக்கு எட்டவில்லை.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. உயிரணுக்களை வளர்த்து எண்ணுவது அவள் பங்கு. கட்டுரைகளில் அவள் பெயரும் உண்டு. ஒப்பிடுவதற்கென்று அவர் வைத்த உயிரணுத் தட்டையும் ஒரு சுருள் சுற்றியிருக்கும், மின்சாரம்தான் ஓடாது, அதனால் சூடும் ஏறாது. அடுப்பில் வைத்த பாலையும் தரையில் வைத்த பாலையும் ஒப்பிடுகிற அழகுதான் இது என்று அவளுக்கு உறுத்தியது.

மாநாட்டுக்கு முன்பு அவள் இரட்டைக் கம்பியில் ஒரு சுருள் சுற்றினாள். மின்சாரம் எதிரெதிராக ஓடியதில் காந்தப்புலம் அடிபட்டுப் போனது. சூடு அப்படியே இருந்தது. உயிரணுக்கள் அதிலும் அதே வேகத்தில் பெருகின.

“என்னங்க, புலமே இல்லாமலும் வளருது.”

“கொஞ்சம் கசிஞ்சிருக்கும்.”

“அளந்துட்டேன். கசியல. வெறும் சூடு.”

“கருவி சரியில்ல.”

“கருவி உங்களோடதுதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத்தனை பேர் முன்னாடி, அடுப்பைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லச் சொல்றியா?”

“சொல்லுங்க. இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க.”

“வீட்டுச் சண்டையை மேடைக்கு இழுக்காதம்மா.”

மேடையில் அவர் பழைய பாட்டையே பாடினார். அவள் பெயரையும் எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “சுருள் சூடாகுமே, அதைப் பார்த்தீங்களா?”

“அந்தச் சந்தேகமே வேண்டாம் ஐயா. என் மனைவியே அளந்திருக்காங்க.”

முன்வரிசையில் இருந்த அவள் எழுந்தாள். “அளந்தேன். புலம் இல்லாத சுருள்லயும் அதே சூடு, அதே வளர்ச்சி. போன வாரமே இவர்கிட்ட சொல்லிட்டேன்.”

சுருள் சிரித்த முகம் மாறாமல் கூட்டத்தைப் பார்த்தார். “அடுத்த கேள்வி?”

அவருக்கு வெட்கமாவது வருமென்று அவள் சில நாள் காத்திருந்தாள். வந்தது புதுக் கட்டுரைதான்: ‘மிதமான வெப்பத்தில் உயிரணு வளர்ச்சி: ஒரு கண்டுபிடிப்பு’. அவள் கேட்டபடியே, அதில் அவள் பெயர் இல்லை.